மெய்நிகர் சுற்று: பாடத்திட்டத்திலிருந்து நீக்கற்பாலதா?

கணினி வலையமைப்புப் பாடத்திட்டத்தைத் திருத்தும் பேச்சு எழும்போதெல்லாம் முதலிலே வெட்டுக்கு இலக்காகும் பகுதி ஒன்றுண்டு. ஏ.ரி.எம். எனச் சுருக்கமாக வழங்கும் ஒத்தியங்காப் பரிமாற்ற முறையும், அம்முறையில் இயங்கும் வலையமைப்பொன்றுடன் வழிப்படுத்தியை இணைத்து அதன் இடைமுகத்திலே மெய்நிகர் சுற்றுக்களை அமைக்கும் செய்முறையுமே அப்பகுதியாகும். (வங்கி வாசலிலே பணந்தரும் பொறிக்கும் இதற்கும் எழுத்தொற்றுமையன்றி வேறு உறவில்லை.) செத்துப்போன தொழினுட்பத்துக்குப் பாடவேளை எதற்கு என்பது நீக்க விரும்புவோரின் வாதம். வைத்திருக்க விரும்புவோரோ, பழைய வழிப்படுத்திகள் ஆய்வுகூடத்தில் இருக்கின்றன, செய்முறைத் தாளும் இருக்கின்றது, இருந்துவிட்டுப் போகட்டும் என்கின்றனர். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் எதிர்ப்பதாகத் தோன்றினும் உண்மையில் ஒரே தவற்றையே செய்கின்றனர். வழிப்படுத்தியிலே இரண்டு எண்களைப் பதிவதுதான் சுற்றமைத்தல் என இரு சாராரும் கருதுகின்றனர். அஃது உண்மையாயின் அப்பாடத்தை நீக்கினும் ஒன்றே, வைப்பினும் ஒன்றே. ஆயின் சுற்றமைத்தல் அதுவன்று. அஃது ஓர் உடன்பாடு. இன்ன வேகத்துக்கு மேற் செலுத்தமாட்டேன் என வழிப்படுத்தியும், அவ்வேகத்துக்கு உட்பட்டு வருவனவற்றைக் கொண்டு சேர்ப்பேன் என வலையமைப்பும் ஒன்றுக்கொன்று அளிக்கும் வாக்கு. அவ்வாக்கினைக் கற்பிக்காதவரை நாம் அப்பாடத்தைக் கற்பித்ததுமில்லை. ஆதலின் அதனை நீக்குவதற்கு வேண்டிய அனுபவம் நமக்கு ஏற்பட்டதுமில்லை.

பொறியியற் பீடத்துக்கு வெளியிலுள்ள வாசகர் பொருட்டுச் சில வார்த்தைகள் கூறுதல் வேண்டும். தரவினை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அனுப்புதற்கு அடிப்படையில் இரண்டு வழிகள் உள. ஒவ்வொரு பொதியின் மீதும் சேருமிடத்தின் முழு முகவரியையும் எழுதி, வழியிலுள்ள ஒவ்வொரு சந்தியும் அதனைப் படித்துத் தனக்குத் தெரிந்த திசையிலே தள்ளிவிடுமாறு விடுவது ஒன்று. அஞ்சற் கடிதம் இவ்வாறே செல்கின்றது. இணையத்தின் அடிப்படை முறையும் இதுவே. மற்றையது, தரவு புறப்படுமுன்னரே இரு முனைகளுக்குமிடையில் ஒரு பாதையைத் தீர்மானித்து, வழியிலுள்ள ஆளிகள் யாவும் அப்பாதையைத் தத்தம் அட்டவணையிலே பதிந்துகொள்ளச் செய்து, பின்னர் அனுப்பப்படும் துண்டுகளிலே சிறிய அடையாள எண்ணை மாத்திரம் இடுவது. முற்காலத் தொலைபேசியிற்போல முனைக்கு முனை செப்புக் கம்பி பூட்டப்படுவதில்லை. ஒரே கம்பியில் ஆயிரம் பாதைகள் கலந்து ஓடும். எனினும் பாவிப்பவருக்குத் தனிக்கம்பி கிடைத்தாற்போன்ற பயன் கிடைக்கின்றது. ஏ.ரி.எம். முறையிலே தரவு 53 பைற் நீளமுள்ள கலங்களாகத் துண்டாடப்படுகின்றது. முதல் 5 பைற் தலைப்பு; எஞ்சிய 48 பைற் சுமை. ஆளியானது தலைப்பிலுள்ள இரண்டு எண்களை மாத்திரம் நோக்கும். ஒன்று மெய்நிகர் பாதையின் எண். மற்றது அப்பாதையினுள் ஓடும் கால்வாயின் எண். 0/100 என எழுதினால் பாதை 0, கால்வாய் 100 என்பது பொருள். அழைப்பு எழும்போது தோன்றி முடியும்போது மறையும் சுற்றுக்களும் உண்டு. கையாற் பதிந்து நிலையாக விடப்படும் சுற்றுக்களும் உண்டு. பின்னவை நிரந்தர மெய்நிகர் சுற்றுக்கள் எனப்படும். யாரேனும் ஒரு தொழினுட்பவியலாளர் வெள்ளிக்கிழமை மாலையில் அழித்துவிடும் வரைக்குமே அந்நிரந்தரம் என்பது வேறு விடயம்.

இனி, நமது செய்முறைத் தாள்கள் யாது கூறுகின்றன என நோக்குவோம். இத்தாள்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டவையாதலின் எதனை எடுத்தாலும் போதும். இடைமுகத்தினுட் செல்க, உப இடைமுகம் ஒன்றினை ஆக்குக, அதற்கு முகவரி இடுக, சுற்றின் எண் 0/100 எனத் தட்டுக, உறையிடல் வகையைத் தட்டுக, வெளியேறுக, மறுமுனைக்கு எதிரொலிப் பொதிகளை அனுப்புக, ஐந்தில் ஐந்தும் திரும்பி வந்தால் மேற்பார்வையாளரிடம் ஒப்பம் பெறுக. மாணவர் ஒப்பம் பெற்றுச் செல்கின்றார். ஏன் 100? ஏன் 10 ஆகாது? மறுமுனையிலும் 100 என்றே இருத்தல் வேண்டுமா? வேகம் பற்றி ஒரு சொல்லேனும் தட்டாமல் சுற்று எங்ஙனம் இயங்கிற்று? இவற்றுள் ஒன்றையேனும் அத்தாள் வினவுவதில்லை. நல்ல தட்டெழுத்தாளர் தாம் தட்டும் கடிதம் யாருக்கு, எதற்கு என்பதையாவது அறிந்திருப்பார். நாம் நமது மாணவரிடம் அதனையும் எதிர்பார்ப்பதில்லை.

அவ்வினாக்களுள் எளியதை முதலில் எடுத்துக்கொள்வோம். இரு முனைகளிலும் ஒரே எண் இருத்தல் வேண்டும் என மாணவரிற் பெரும்பாலார் விடையளிப்பர். அவர்களைக் குறை கூறுதல் தகாது. ஆய்வுகூடத்திலே ஆளி இல்லாமையால் இரண்டு வழிப்படுத்திகளை ஒளியிழை கொண்டு முதுகோடு முதுகாக இணைத்துவிடுகின்றோம். அவ்வாறு இணைக்கும்போது இரு புறமும் ஒரே எண் இருந்தாலே சுற்று இயங்கும். வறுமையினாற் செய்த ஓர் ஒழுங்கு மாணவர் மனத்திலே இயற்கை விதியாகிவிடுகின்றது. உண்மை யாதெனில், இவ்வெண்கள் முகவரிகள் அல்ல. ஒரு கம்பியின் இரு நுனிகளுக்கிடையில் மாத்திரம் செல்லுபடியாகும் அடையாளங்கள். வழிப்படுத்தி 0/100 என இட்டனுப்பிய கலத்தை முதலாவது ஆளி 0/57 என மாற்றி அடுத்த கம்பியில் விடலாம். அடுத்த ஆளி 3/212 என மாற்றலாம். மறுமுனையிலே 0/40 என அது வந்து சேரலாம். யாழ்ப்பாணத்தில் நிற்பவருக்குக் கண்டி வீதியாக இருப்பது வவுனியாவிலே வடக்கு நோக்கி நிற்பவருக்கு யாழ்ப்பாண வீதியாகிவிடுகின்றது, பாதை ஒன்றே. சுற்று என்பது அவ்வெண்களில் எதுவுமன்று. அவற்றைத் தொடராகக் கோத்து வைத்துள்ள அட்டவணைகளின் ஒழுங்கே சுற்று.

கால்வாய் எண் 10 ஏன் ஆகாது என்பதற்கும் விடையுண்டு. ஒவ்வொரு பாதையிலும் 0 முதல் 31 வரையுள்ள எண்கள் வலையமைப்பின் சொந்தத் தேவைகளுக்கென ஒதுக்கப்பட்டவை. 0/5 அழைப்புச் சமிக்ஞைக்குரியது. 0/16 இடைமுக மேலாண்மைக்குரியது. இலங்கையிலே செப்புக் கம்பி வழி ஏ.டி.எஸ்.எல். இணைப்புப் பெற்ற வீட்டார் தம் மோடத்திலே 8, 35 என இரண்டு எண்களை இடுமாறு பணிக்கப்பட்டனர். இந்தியாவிலே பி.எஸ்.என்.எல். பாவனையாளர் 0, 35 எனவும், பிரித்தானியாவிலே 0, 38 எனவும் இட்டனர். அவ்வெண்கள் 32க்குக் கீழே இறங்காமைக்குக் காரணம் இதுவே. தாம் இட்டது ஏ.ரி.எம். சுற்றொன்றின் பெயர் என்பதை அவ்வீட்டாரில் எத்தனை பேர் அறிந்தனர்? அறியவேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. ஆயின் அம்மோடத்தைப் பொருத்தச் சென்ற பட்டதாரியும் அவர்களளவுக்கே அறிந்திருந்தார் எனின், அவருக்குப் பட்டம் எதற்கு?

இவ்விடத்திலே நமது சங்கத்தின் கவனத்துக்குரிய சொல்லாராய்ச்சி ஒன்றும் உண்டு. 'வேர்ச்சுவல்' என்னும் சொல்லை 'மாய' எனப் பெயர்த்து 'மாயச் சுற்று' என எழுதும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. மாயம் என்றதும் இல்லாத ஒன்று இருப்பதாகத் தோன்றுவதே மாணவர் மனத்தில் எழும். இல்லாத ஒன்றுக்கு இடமும் தேவையில்லை, விலையும் தேவையில்லை, காவலும் தேவையில்லை. மெய்நிகர் சுற்றுக்கோ இவை யாவும் தேவை. வழியிலுள்ள ஆளி ஒவ்வொன்றினதும் நினைவகத்திலே அதற்கு ஓர் இடமுண்டு. கம்பியின் கொள்ளளவிலே அதற்கு ஒரு பங்குண்டு. வாசலிலே அதனை அளக்கும் காவலும் உண்டு. இல்லாதது கம்பி மாத்திரமே. மெய்க்கு நிகரான பயன் தருவது எனப் பொருள்படும் 'மெய்நிகர்' என்ற சொல் இக்கருத்தை ஆங்கிலச் சொல்லிலும் பார்க்கத் துலக்கமாக உணர்த்துகின்றது எனத் துணிந்து கூறலாம். கலைச்சொல்லாக்கம் அகராதிக்காரரின் பொழுதுபோக்கு என எண்ணும் பொறியியலாளர் இதனைச் சற்றே மனங்கொள்வாராக.

உறையிடல் வகையைத் தட்டுக என ஒரே வரியில் தாள் கடந்து செல்லும் இடத்தையும் நோக்குவோம். 1993 இல் வெளிவந்து 1999 இல் திருத்தப்பட்ட இணைய நியமம் இரண்டு வகைகளுக்கு இடமளிக்கின்றது. ஒரே சுற்றிலே பல நெறிமுறைகள் செல்லும்வண்ணம் ஒவ்வொரு பொதியின் முன்னும் 8 பைற் அடையாளச் சீட்டை ஒட்டுவது ஒரு வகை. சுற்றொன்றுக்கு நெறிமுறை ஒன்றே என முன்கூட்டியே உடன்பட்டு அச்சீட்டைத் தவிர்ப்பது மற்ற வகை. இரண்டிலும் பொதியின் முடிவிலே 8 பைற் வாலும், 48 இன் மடங்காக நிரம்புவதற்கு வேண்டிய வெற்றுப் பைற்களும் சேரும். கோப்பொன்றை இறக்கும்போது நமது பக்கத்திலிருந்து ஓயாது செல்லும் ஏற்புப் பொதிகள், விருப்பக் கூறுகள் எவையும் சேராவிடின், 40 பைற் நீளமானவை. சீட்டில்லா வகையிலே 40 உடன் 8 சேர்ந்து 48 ஆகின்றது. ஒரே கலம், கம்பியில் 53 பைற். சீட்டு வகையிலே 40 உடன் 8 உம் 8 உம் சேர்ந்து 56 ஆகின்றது. ஒரு கலத்திலே அடங்காமல் எட்டுப் பைற்களுக்காக இரண்டாவது கலம் புறப்படும். கம்பியில் 106 பைற். ஒரு சொல்லின் வேறுபாடு செலவினை இரட்டிப்பாக்கிவிட்டது. 1500 பைற் நீளமான பொதிக்கோ இரு வகையிலும் 32 கலங்களே, வேறுபாடு எதுவுமில்லை. இக்கணக்கு ஒன்பதாந் தரத்து மாணவிக்கும் இயலக்கூடியது. ஆயினும் இதனைச் செய்வித்துப் பார்க்கும் செய்முறைத் தாளை யான் இன்னும் கண்டிலேன்.

அனைத்திலும் பெரிய குறை வேகம் பற்றியது. சுற்றமைக்கும்போது ஐந்து சேவை வகைகளுள் ஒன்றைத் தெரிவு செய்யலாம்: மாறா வேகம், நிகழ்நேர மாறும் வேகம், நிகழ்நேரமல்லா மாறும் வேகம், கிடைக்கும் வேகம், வரையறுக்கப்படாத வேகம். மாறும் வேக வகைகளில் உச்ச வேகம், சராசரி வேகம், ஒரே மூச்சில் உச்ச வேகத்திலே அனுப்பக்கூடிய கலங்களின் தொகை ஆகிய மூன்றினையும் குறித்தல் வேண்டும். ஒன்றையும் குறிக்காவிடின் வழிப்படுத்தி பொதுவாக வரையறுக்கப்படாத வகையை எடுத்துக்கொண்டு, கம்பியின் முழு வேகத்திலே செலுத்தத் தொடங்கும். நமது செய்முறைத் தாளில் வேகம் பற்றிய சொல் இல்லாமலே சுற்று இயங்கியதன் இரகசியம் இதுவே. முதுகோடு முதுகாக இணைத்த இரு பெட்டிகளுக்கிடையில் அளப்பதற்கு எவருமில்லை.

உண்மையான வலையமைப்பிலே அளப்பவர் உளர். 155.52 மெகாபிற் வேகமுள்ள ஒளியிழை இடைமுகத்தை எடுத்துக்கொள்வோம். சட்டகச் செலவு போகக் கலங்களுக்கு எஞ்சுவது 149.76 மெகாபிற், அதாவது செக்கனுக்கு ஏறத்தாழ 353,200 கலங்கள். இக்கம்பியின் மீது செக்கனுக்கு 2 மெகாபிற் உச்ச வேகமுள்ள சுற்றொன்றினை நிறுவனமொன்று வாடகைக்கு எடுத்துள்ளது எனக் கொள்வோம். இவ்வேகத்திலே ஒரு கலத்துக்கும் அடுத்த கலத்துக்கும் இடையே 212 மைக்குரோசெக்கன் இடைவெளி இருத்தல் வேண்டும். வழிப்படுத்தியிலே வேகம் குறிக்கப்படவில்லையாயின், 1500 பைற் பொதியின் 32 கலங்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறக்குறைய 91 மைக்குரோசெக்கனில் வெளியேறிவிடும். உடன்பாட்டின்படி அவை வெளியேற 6.8 மில்லிசெக்கன் எடுத்திருத்தல் வேண்டும். வாசலில் நிற்கும் ஆளி ஒவ்வொரு கலமும் வரவேண்டிய நேரத்தைக் கணித்து, சிறு சலுகைக்கு அப்பால் முந்தி வரும் கலத்தை ஈவிரக்கமின்றி எறிந்துவிடும். சலுகை ஒரு சில கலங்களுக்கே போதும். முதற் சில கலங்கள் செல்லும். எஞ்சியவற்றுட் பெரும்பாலானவை ஒழியும். ஒரு கலம் குறைந்தாலும் மறுமுனையிலே பொதி முழுவதும் பிழையெனத் தள்ளப்படும்; சென்ற கலங்கள் வீணே சென்றவையாகும். (நெரிசலுற்ற ஆளியில் இவ்வாறு அரைகுறைப் பொதிகளைச் சுமப்பதிலே கொள்ளளவு வீணாவதனை றோமனோவும் சலி ஃபுளொயிட்டும் 1994 இல் விரிவாக ஆராய்ந்தனர். ஒரு கலம் எறியப்படுமாயின் அப்பொதியின் எஞ்சிய கலங்களையும் எறிந்துவிடுதலே மேல் என்ற முடிவு அப்போதே எட்டப்பட்டது.)

இதன் விளைவு விந்தையானது. 100 பைற் எதிரொலிப் பொதி மூன்று கலங்களில் அடங்கிவிடும். சலுகைக்குள் அது தப்பிச் செல்லும். ஐந்தில் ஐந்தும் திரும்பி வரும். கோப்பொன்றை அனுப்பினாலோ எதுவும் நகராது. சுற்று உயிரோடிருக்கின்றது எனப் பொறியியலாளர் சாதிப்பார். ஒன்றும் வேலை செய்யவில்லை எனப் பாவனையாளர் சாதிப்பார். இருவர் கூற்றும் உண்மை. சேவை வழங்குநரைக் குற்றஞ்சாட்டிக் கடிதங்கள் செல்லும். குற்றமோ தட்டப்படாத ஒரு வரியில் உள்ளது. நமது செய்முறைத் தாள் எதனை வெற்றியின் அளவுகோலாகக் கொண்டதோ, அந்த ஐந்துக்கு ஐந்துதான் இந்நோயை மறைக்கும் திரையாகவும் அமைகின்றது என்பதே இதிலுள்ள கசப்பு. தவறான அளவுகோலைக் கற்பித்தல் கற்பிக்காமலிருப்பதிலும் கேடானது. நிறுவனத்தார் 2 மெகாபிற் வாடகை செலுத்தினாலும் கலத் தலைப்புப் போக அவர்களுக்குக் கிட்டுவது 1.81 மெகாபிற்றே என்பதனையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டியவர் அந்தப் பொறியியலாளரே.

பிறிதொன்று. வாக்கு கொடுத்தவர் உயிரோடிருக்கின்றாரா எனக் கேட்டறியும் ஏற்பாடும் உடன்பாட்டின் ஓர் உறுப்பாகும். வழிப்படுத்திக்குத் தெரிவது தனக்கு அண்மையிலுள்ள ஆளியுடனான கம்பி மாத்திரமே. நடுவழியில் எங்கோ சுற்று அறுந்தாலும் அண்மைக் கம்பியில் ஒளி இருக்கும். இடைமுகம் 'இயங்குகின்றது' என்றே காட்டும். வழிப்படுத்தி தன் அட்டவணையிலே அப்பாதையை வைத்துக்கொண்டு பொதிகளைப் பாழுங்கிணற்றிலே கொட்டிக்கொண்டிருக்கும். இதனைத் தவிர்ப்பதற்கெனச் சுற்றின் வழியே முனைக்கு முனை சென்று திரும்பும் பராமரிப்புக் கலங்கள் வகுக்கப்பட்டுள்ளன. அவை திரும்பாவிடின் உப இடைமுகத்தை வீழ்த்தி மாற்று வழியைத் தேடலாம். ஆயின் அதனையும் கட்டளையிட்டாலே செய்யும். ஒலிபரப்புத் தன்மை இல்லாத இவ்வலையமைப்பிலே வழிகாண் நெறிமுறைகளின் அறிவித்தல்களை ஒவ்வொரு சுற்றிலும் தனித்தனியே அனுப்பவேண்டியிருப்பதும், ஒரே உப இடைமுகத்திலே பல சுற்றுக்களைக் கட்டினால் ஒன்றில் அறிந்ததனை மற்றொன்றுக்குச் சொல்ல மறுக்கும் விதி குறுக்கே நிற்பதும் இவ்வகையினவே. அவற்றை இங்கு விரிக்கவில்லை.

இவ்வாக்கு என்னும் கருத்து எங்கிருந்து வந்தது என்பதனையும் மாணவர் அறிதல் வேண்டும். தொழினுட்பம் வானத்திலிருந்து விழுவதில்லை. 1970களிலே இரண்டு முகாம்கள் மோதின. பிரான்சிலே சிக்லாட் வலையமைப்பை ஆக்கிய லூயி பூசான் முதலியோர் வலையமைப்பு எவ்வித வாக்கும் அளிக்கத் தேவையில்லை, பொதியைத் தள்ளிவிட்டால் போதும், எஞ்சியதைக் கணினிகள் பார்த்துக்கொள்ளும் என்றனர். தொலைபேசி நிருவாகங்களோ மெய்நிகர் சுற்றினையே வற்புறுத்தின. 1976 இல் சர்வதேசத் தந்தி தொலைபேசி ஆலோசனைக் குழு எக்ஸ்.25 என்னும் நியமத்தை அவ்வழியிலேயே நிறுவியது. இது வெறும் பொறியியற் கருத்து வேறுபாடன்று. வாக்கு அளிப்பவரே விலை கூறலாம். அறிவு வலையமைப்பினுள் இருந்தால் வலையமைப்பின் சொந்தக்காரர் எசமானர். முனையில் இருந்தால் கணினி செய்பவரும் எழுதுபவரும் எசமானர். எனவே யார் கையில் அதிகாரம் என்ற வினாவே பொதியா சுற்றா என்ற வேடத்தில் வந்தது எனலாம். 1988 இல் அதே குழு எதிர்கால அகலப்பட்டை வலையமைப்புக்கு ஏ.ரி.எம். முறையைத் தெரிவு செய்தபோது தொலைபேசி முகாமே வென்றதாகத் தோன்றியது.

கலத்தின் நீளம் 48 ஆகியதும் இத்தகையதோர் அரசியலே. ஐரோப்பியர், சிறப்பாகப் பிரெஞ்சுக்காரர், 32 பைற் சுமை வேண்டினர். செக்கனுக்கு 64 கிலோபிற் வேகத்திலே வரும் குரல் 32 பைற்றை நிரப்ப 4 மில்லிசெக்கன் போதும். அத்தாமதத்துடன் தம் நாட்டு எல்லைக்குள் எதிரொலி நீக்கும் கருவிகளின்றியே சமாளிக்கலாம் என்பது அவர்தம் கணக்கு. பரந்த நாடாகிய அமெரிக்காவிலே அக்கருவிகள் எவ்வாறாயினும் தேவைப்பட்டமையால், தலைப்புச் செலவு குறைந்த 64 பைற்றை அமெரிக்கர் வேண்டினர். 1989 இல் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தனர். எந்த எந்திரத்துக்கும் இயல்பாகப் பொருந்தாத 48 பிறந்தது. கலத்தை ஆக்கியதே ஒரு பேரம் எனின், அக்கலங்களாலான சுற்றை மாத்திரம் இரண்டு எண்கள் எனக் கற்பிப்பது எங்ஙனம் தகும்?

நீக்க விரும்புவோரின் வாதத்திலுள்ள உண்மையை மறுப்பது எமது நோக்கமன்று. ஏ.ரி.எம். தோற்றது, தோற்றதும் நியாயமே. 53இல் 5 பைற், அதாவது நூற்றுக்கு 9.4 வீதம், தலைப்புக்கே போயிற்று. ஒவ்வொரு தலத்தையும் மற்ற ஒவ்வொன்றுடனும் இணைப்பதாயின் 10 தலங்களுக்கு 45 சுற்றுக்கள். 50 தலங்களுக்கு 1,225 சுற்றுக்கள். வேகம் ஏற ஏறக் கலங்களாக வெட்டி ஒட்டும் எந்திரங்களின் விலையும் ஏறிற்று. மறுபுறத்திலே ஈதர்நெற் மலிந்தது; 1998 இல் செக்கனுக்கு 1 கிகாபிற் வேகம் அதற்கு நியமமாயிற்று. வாக்கு அளிப்பதிலும் பார்க்க அகலமான கம்பியைப் போட்டுவிடுவது மலிவு என்றாயிற்று. மேசைக் கணினி வரை ஏ.ரி.எம். வரும் எனக் கூறிய தீர்க்கதரிசிகள் பின்னர் அது பற்றிப் பேசுவதைத் தவிர்த்துக்கொண்டனர். புதிதாக வலையமைப்பமைக்கும் எவரும் இன்று ஏ.ரி.எம். ஆளியை வாங்கார்.

ஆயின் வென்றவர் யாது செய்தனர்? 2001 இல் நியமமாகிய எம்.பி.எல்.எஸ். முறையை நோக்குக. இணையப் பொதியின் முன் 20 பிற் அளவினதாகிய சிட்டை எண்ணொன்று ஒட்டப்படுகின்றது. ஒவ்வொரு வழிப்படுத்தியும் அவ்வெண்ணைத் தன் அட்டவணையிலே பார்த்து, வேறெண்ணாக மாற்றி, அடுத்த கம்பியில் விடுகின்றது. எண் கம்பிக்குக் கம்பி மாறும். பாதை முன்கூட்டியே தீர்மானிக்கப்படும். 0/100 கலம் சென்ற கதையை மேலே படித்தவருக்கு இதனைப் புதிதாக விளக்கவேண்டுமா? வேண்டுமாயின் வழிநெடுகிலும் கொள்ளளவினை ஒதுக்கிக்கொண்டு பாதை அமைக்கும் நெறிமுறையும் அதே 2001 இல் அதனுடன் சேர்ந்தது. நான்காந் தலைமுறைக் கையடக்கத் தொலைபேசியிலே வலையமைப்பு வழியே குரல் செல்லும்போது, அக்குரலுக்கென உத்தரவாத வேகமுள்ள தனித் தாங்கியொன்று அழைப்பின்போது நிறுவப்பட்டு முடிவில் கலைக்கப்படுகின்றது. தாங்கி எனப் பெயர் மாறியது, வாக்கு மாறவில்லை. கலம் செத்தது. உடன்பாடு சாகவில்லை. அதனைச் செத்ததென்று வெட்டுவோர், அடுத்த தவணையிலே எம்.பி.எல்.எஸ். என்னும் தலைப்பின் கீழ் அதனையே இன்னொரு கட்டளைப் பட்டியலாக ஒப்புவிக்கச் செய்வர் என்பதே எமது அச்சம்.

இவ்வச்சத்துக்குக் காரணம் நமது மாணவரின் நிலைமையிலேயே உள்ளது. உயர்தரம் வரை தமிழிலே பௌதிகமும் கணிதமும் கற்று, நிறுவல்களைச் சொந்த வசனத்திலே எழுதிப் பழகிய மாணவர் பொறியியற் பீடத்தினுள் வந்ததும் முற்றாக ஆங்கிலத்திலே கற்கவேண்டியவராகின்றார். மொழி தடுமாறும் இடத்திலே மனனம் கைகொடுக்கின்றது. கட்டளை வரிகளை மனனம் செய்வதற்கு மொழியே தேவையில்லை. மந்திரம் போல உச்சரித்தால் பெட்டி பணிந்துவிடும். கருத்தினை விளக்கவேண்டிய பொறுப்பிலிருந்து விரிவுரையாளரும் தப்பிவிடுகின்றார், விளங்காமையை ஒப்புக்கொள்ளவேண்டிய சங்கடத்திலிருந்து மாணவரும் தப்பிவிடுகின்றார். செய்முறைத் தாள் இருவருக்குமிடையே ஓர் உடன்படிக்கையாகின்றது. "இச்சுற்றினை அமைத்தபோது நீர் வலையமைப்புக்கு யாது வாக்களித்தீர்?" எனத் தமிழிலே கேட்டு, தமிழிலே விடை பெற்றுப் பாருங்கள். ஒப்பம் பெற்ற தாள்களின் பெறுமதி அப்போது புலனாகும்.

ஆய்வுகூடத்திலே ஏ.ரி.எம். ஆளி இல்லை, வாங்கப் பணமும் இல்லை என்பது சாட்டாகாது. உடன்பாட்டினைக் கற்பிக்க அவ்வாளி தேவையில்லை. பழைய கணினிகள் மூன்றினை லினக்ஸ் கொண்டு இயக்கினாற் போதும். வேகத்தை மட்டுப்படுத்திச் செலுத்தும் கருவியும், மீறி வருவதனை எறியும் கருவியும் அதன் கருவிலேயே உள்ளன. 2015 முதல் எம்.பி.எல்.எஸ். சிட்டை மாற்றும் வசதியும் அதில் உண்டு. நடுக் கணினியை வாசற் காவலாக்குக. ஒரு முனைக்கு வேகத்தைக் கூறாது விடுக. எதிரொலிப் பொதிகள் ஐந்தும் திரும்புவதையும், கோப்பு நகராமையையும் மாணவர் தம் கண்ணாற் காணட்டும். பின்னர் காரணத்தைத் தாமே தேடட்டும். இரண்டு மணித்தியாலம் போதாவிடின் நான்கு மணித்தியாலம் கொடுக்கலாம். முதுகோடு முதுகாக இணைத்த பழைய வழிப்படுத்திகள் இருப்பின் அவற்றுக்கு நடுவே வேறெண்களை மாற்றித்தரும் அட்டவணையொன்றைத் தாளிலேனும் வரைந்து, ஒரு மாணவரை ஆளியாக நிறுத்திக் கலங்களை ஏந்திச் செல்லச் செய்யலாம். சிறுபிள்ளைத்தனம் என நகைப்பவர் நகைக்கட்டும்.

பரீட்சை வினாத்தாளிலே இப்பகுதிக்குக் கட்டளை வரிகளை எழுதுக எனக் கேட்கும் வினாவை அகற்றிவிட்டு, மேற்கூறிய 2 மெகாபிற் நிறுவனத்தின் முறைப்பாட்டினை அப்படியே தருக. சிறு பொதிகள் செல்கின்றன, பெருங் கோப்புகள் செல்லவில்லை. இடைமுகத்தின் நிலையும் எண்களும் இவை. குற்றம் எப்பக்கத்தது, எத்தனையாவது கலத்திலிருந்து இழப்புத் தொடங்கும், நிறுவனத்துக்கு நீர் எழுதும் கடிதம் யாது எனக் கேட்க. கடிதத்தை எம்மொழியில் எழுதவும் மாணவருக்கு உரிமை கொடுக்க. பாடத்திட்டத் திருத்தம் அடுத்த முறை பீடச் சபைக்கு வருமுன்னர் ஓராண்டேனும் இவ்வினாவைக் கேட்டு, விடைகளைச் சபையின் மேசையிலே வைத்து, அதன் பின்னர் இப்பகுதியை நீக்குவதா வைப்பதா என வாக்கெடுப்பதற்கு யாமும் உடன்படுவோம்.